இரண்டு உலகம்மைகளுக்கு நடுவே ஆவுடை

அமுதரூபனின் மதுரைக் கச்சேரிக்கு டிக்கெட் திறக்கிறார்கள் என்று சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தென்காசி கீழப்புலியூரில், நகராட்சியில் தண்ணீர்வரி வாங்கும் ஆவுடைச்செல்வி தலைக்குக் குளித்து, நெட் நன்றாக எடுக்கும் இடம் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்த கிரைண்டர் மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பத்து மணி ஆனதும் ஆகாததுமாகச் செல்போனில் பொத்தானை அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, சுற்றி ஓய்ந்ததும் 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், தயவுசெய்து பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்' என்று எழுத்து வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் வரிசை வந்திருந்தது.

பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, கிரைண்டரைச் சுற்றி, பட்டாசல் கூடத்தைத் தாண்டி, முன்வாசலில் இறங்கித் தெருவோடு போனது அது. பொத்தானை அமுக்கிய நேரத்தில் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே வந்து நின்றார்கள். ஓசூர் முனிரத்தினம் இடுப்பில் துண்டோடும் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடும் நின்றார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் இங்கே கம்பி இல்லாமலேயே கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். கழுத்தில் மாலையோடு ஒரு மாப்பிள்ளை நின்றார். தாலியை இப்போதுதான் கையில் எடுத்துக் கொடுத்தார்கள், அதற்குள் மணி பத்தாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

கறி வாங்கப் போயிருந்த ஆவுடையின் கணவர் கோமதிநாயகம், பம்புசெட் சாமான் கடை வைத்திருப்பவர், கையில் பையோடு வந்து, வாசலில் நின்றவர்களிடம் கொஞ்சம் வழி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எல்லாரும் அமுதரூபனுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"காப்பி போடணுமோ?"

"நான் நகர முடியாது. நீங்கதான் போடணும்" என்றாள் ஆவுடை.

அவர் கறியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, இருக்கிறதிலேயே பெரிய பாத்திரத்தைத் தேட ஆரம்பித்தார்.

ஆவுடை அதற்குப் பிறகுதான் தனக்கு முன்னால் நிற்பது யார் என்று கவனித்தாள். பின்னங்கழுத்தில் மச்சம், காதுக்குப் பின்னால் சுருண்டு நிற்கும் ஒரு பிடி முடி, நைட்டிமேல் துண்டு. அடுத்த தெருவில் இருக்கிற அவளுடைய தங்கை உலகம்மை.

அக்காவும் தங்கையும் பேசி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அமுதரூபன் கோயம்புத்தூரில் பாடியபோது ரெண்டு பேரும் சேர்ந்துதான் டிக்கெட்டுக்கு முயன்றார்கள். ரெண்டு பேருக்கும் கிடைக்கவில்லை என்று சேர்ந்தேதான் வருத்தப்பட்டார்கள். அப்புறம் உலகம்மை, வீட்டுக்காரர் வழியில் ஒரு சடங்கு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலையோடு கிளம்பிப் போனாள். மறுநாள் யாரோ எடுத்துப் போட்ட கச்சேரி வீடியோவில், அதே பட்டுச்சேலையில், மூன்றாவது வரிசையில், ரெண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். ஆவுடை அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டு, 'சடங்கு வீடு களைகட்டுது' என்று மட்டும் எழுதினாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்த பிறகு உலகம்மை அந்தக் குழுவிலிருந்து வெளியேறினாள். அக்காவின் வாசலிலிருந்தும் வெளியேறினாள்.

அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு ஆவுடை எழுந்து நின்றபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினாள். அங்கேயும் உலகம்மை நின்றாள். அதே நைட்டி, அதே துண்டு.

"லேப்டாப்லயும் போட்டிருந்தேன்" என்றாள் பின்னால் நின்ற உலகம்மை.

முன்னால் நின்ற உலகம்மை திரும்பவில்லை, காது மட்டும் சிவந்தது.

ரெண்டு இடத்தில் போட்டவர்கள் ரெண்டு ஆளாக வந்திருந்தார்கள். வரிசை நெடுக இப்படி இரட்டையும் மூன்றுமாகப் பலர் இருந்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் போட்டுவைத்த ஒரு மானேஜர் மட்டும் ஒரு திருவிழா மண்டகப்படிக்கு ஆகிற அளவுக்கு இருந்தார். லேப்டாப் உலகம்மைக்கு ஒரு குறை உண்டு. அந்த லேப்டாப் பழசு. அதனால் பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஒரு கேள்விக்குப் பதில் அடுத்த கேள்வி கேட்ட பிறகுதான் கிடைக்கும். மத்தியானத்தில் சோர்ந்து தலை தொங்கிவிடுவாள். ஓரமாக உட்கார வைத்து, பிளக்கைச் செருகி, வயரை அவள் மடியில் போட்டால் சரியாகிவிடுவாள்.

வரிசையின் விவரம் ஒன்றிரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன் தலை, பழைய பஸ் ஸ்டாண்டில் பூட்டிக் கிடந்த சைக்கிள் ஸ்டாண்டின் ஜன்னலில் இருந்தது. ஆவுடை வீட்டிலிருந்து அந்த ஜன்னலுக்கு நடந்தால் ஒரு பாட்டு கேட்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் வரிசை அப்படிப் போகவில்லை, மேலகரம் போய், குற்றாலம் ஏறி, அருவிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, செங்கோட்டைச் சந்தையைச் சுற்றி, மறுபடி தென்காசிக்கு வந்துதான் ஜன்னலைத் தொட்டது. வால் மலையைத் தாண்டிக் கேரளத்துப் புனலூரில் கிடந்தது. குறுக்கே நடந்து போய் ஜன்னலைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "உங்கள் முறை வரும்போது உங்கள் முறை வரும்" என்று மரியாதையாகச் சொன்னது.

பொறுமையில்லாமல் பக்கத்தைப் புதுப்பித்தவர்கள் நின்ற இடத்தில் ஒரு சின்னச் சத்தத்தோடு காணாமல் போய் வாலில் முளைத்தார்கள். முதலில் போனவர் முனிரத்தினம். நுரை காய்ந்து அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே எதையோ தொட்டுவிட்டார். புனலூரில் ஒரு சலூன்காரர் அவருடைய மற்றக் கன்னத்தையும் வழித்துவிட்டார் என்று பிற்பாடு செய்தி வந்தது.

ஊர் இதற்கெல்லாம் மலைக்கவில்லை. குற்றாலச் சீசனுக்கு வரும் கூட்டத்தை வருஷா வருஷம் பார்க்கும் ஊர், இதையும் சீசன் என்றே எடுத்துக்கொண்டது. வரிசை போகும் வீடுகளில் முன்கதவையும் பின்கதவையும் திறந்தே போட்டார்கள்; தங்கள் பட்டாசலில் இன்றைக்கு யார் நிற்கிறார்கள் என்று காலையில் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் அரிசி களைந்தார்கள். மினி பஸ்கள் வரிசை அசையும் நேரம் பார்த்து அதைக் கடந்தன. மாலை போட்ட மாப்பிள்ளையைத் தேடி, நிலக்கோட்டையிலிருந்து பெண் வீட்டார் வேன் பிடித்து, மேளக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, வரிசையில் நின்றபடியே தாலி கட்டவைத்து, பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் இடையில் ஆள் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பெண் நேரே புனலூர் போய் வாலில் நின்றாள்.

ஆவுடையை நகராட்சி விடவில்லை. ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அவள் எந்தத் தெருவில் நிற்கிறாளோ அந்தத் தெருவுக்குத் தண்ணீர்வரி கட்ட வந்தவர்கள் அவளுக்கு எதிரே ஒரு வரிசை நின்றார்கள். ரெண்டு வரிசையும் மோதிய இடத்தில் தினம் ஒரு சண்டை நடந்தது, ரெண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் அது முடியவும் இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் அவள் தங்கையோடு பேசினாள். முன்னால் நிற்பவளுக்குக் கேட்கும்படி, பின்னால் நிற்பவளோடு.

"ஏட்டி, நீ சொல்லு. சடங்குன்னு சொல்லிட்டுக் கச்சேரிக்குப் போறவள என்ன செய்யலாம்?"

லேப்டாப் உலகம்மை கண்ணை மூடித் திறந்தாள்.

"பட்டுச்சேலை வேற" என்றாள் ஆவுடை.

"மன்னிச்சிரலாம்க்கா" என்றாள் லேப்டாப் உலகம்மை.

"யாரு கேட்டா, சேலைய மன்னிக்கவா சொன்னேன்?"

"மன்னிச்சிரலாம்னுதான் சொல்லுதேன்."

முன்னால் நின்ற உலகம்மை முதல்முறையாகத் திரும்பினாள், அக்காவைப் பார்க்காமல், அக்காவின் தோளுக்கு மேலாகத் தன்னையே பார்த்தாள். "எனக்குப் பதிலா நீ பேசாத. நான்தான் ஒரிஜினல்" என்றாள்.

"பெரிய ஸ்கிரீன் எனக்குத்தான்" என்றாள் பின்னால் நின்றவள், கொஞ்ச நேரம் கழித்து.

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நிற்பவள் ஆயிரம் பேசட்டும், அது கணக்கில் வராது, முன்னால் நிற்கிறவள் வாயைத் திறந்து அக்கா என்று கூப்பிட வேண்டும், அதுவரை தானாக இறங்கிப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். ஆனாலும் ராத்திரியெல்லாம் அந்த மச்சத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது அவளுக்கு எப்படியோ ஆறுதலாகத்தான் இருந்தது.

வாரத்தில் ஒரு நாளோ ரெண்டு நாளோ, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கட்டம் போட்ட பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். "நீங்கள் மனிதர்தான் என்று காட்டுங்கள். டிராஃபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தொடுங்கள்" என்பார். கம்பத்தையும் சேர்த்துத் தொடவேண்டுமா, விளக்கை மட்டும் தொட்டால் போதுமா என்று நல்ல படிப்பாளிகளே திணறினார்கள். காப்பித் தூக்கோடு வந்த கோமதிநாயகம், வரிசையில் இல்லாதவர், சும்மா ஆசைக்குத் தொட்டுப் பார்த்தார். அவர் மனிதர் இல்லை என்று வந்தது. மறுபடி தொட்டார், மறுபடியும் அதுவே வந்தது. வீட்டில் அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அவருக்கும் அது ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது.

ஒரு தடவைகூடத் தப்பாகத் தொடாதவர்கள் சாம்பல் சட்டைக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே வகிடு. வியர்க்காது, தூக்கம் வராது. ராத்திரிக்கு ராத்திரி பெருகினார்கள்; காலையில் பார்த்தால் முன்னால் ஒரு தெருவே சாம்பலாக இருக்கும். டிக்கெட்டை மொத்தமாக வாங்கிப் பிற்பாடு பத்து மடங்குக்கு விற்பதற்காக யாரோ அனுப்பிவைத்த ஆட்கள் என்று பேசிக்கொண்டார்கள். காக்கிச் சட்டைக்காரரிடம் போய்ச் சொன்னால், அவர்கள்தான் எல்லாக் கட்டத்தையும் சரியாகத் தொடுகிறார்களே, என்னிடம் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான் என்று கையை விரித்தார்.

அவர்கள் மனிதர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மேலகரத்துப் பெண்கள். கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. வாசலில் நிற்பவரைப் பார்த்தால் கேட்பதைக் கேட்டார்கள். "சாப்டாச்சா?" மற்றவர்கள் எல்லாரும், ஆச்சு நீங்க சாப்டாச்சா என்றோ, இனிமேத்தான் என்றோ, வயிறு சரியில்லை என்றோ, உங்க வீட்டுல என்ன வாசனை இது என்றோ எதையோ சொன்னார்கள். சாம்பல் சட்டைக்காரர்கள், "ஆம் அல்லது இல்லை என்பதைத் தேர்வுசெய்க" என்றார்கள். ஒரு பெண் விடாமல், சாப்பிடாமல் எப்படி இருப்பீர்கள், ரெண்டு வாய் சாப்பிடுங்கள் என்று ஒருவன் கையில் புளிக்குழம்பும் சோறும் வைத்தாள். அவன் அதையே வெகுநேரம் பார்த்தான், அவன் முகத்தில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிச் சுற்றி அப்படியே ஆள் அணைந்துபோனான். பிறகென்ன, வீட்டுக்கு வீடு சட்டி நிறையக் குழம்பு வைத்தார்கள். ஒரு மத்தியானத்தில் வரிசை பாதியாக இளைத்து, நின்றவர்கள் தடதடவென்று முன்னால் நகர்ந்து, ஆவுடை குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வரிசை அருவிக்கு அடியில் போனதைச் சொன்னேன். நகர்ந்துகொண்டிருக்கும்போது அது சுகம். எல்லாருக்கும் ஒரு குளியல் ஆயிற்று. நின்றுவிட்டால் வம்பு. சரியாக முன்னால் நின்ற உலகம்மை தண்ணீருக்கு அடியில் போய் நின்றபோது வரிசை நின்றுபோனது. ஜன்னலில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று முன்னாலிருந்து வாய்வழியாகச் சேதி வந்தது. அவள் செல்போனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு நின்றாள். சாரலும் காற்றும் சேர்ந்து அடித்தது. பொழுது சாயும் நேரத்தில் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம், அருவிச் சத்தத்தையும் மீறி ஆவுடைக்குக் கேட்டது.

ஆவுடை தன் குடையை நீட்டினாள். அருவிக்குக் குடை எம்மாத்திரம், கம்பி மடங்கிப் போய்விட்டது. கோமதிநாயகத்தைக் கடைக்கு ஓடச் சொன்னாள். அவர் பம்புசெட்டுக்குப் போடும் பெரிய தகரத் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, கவிழ்த்து, ஆவுடையும் அவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உலகம்மையின் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தொட்டிக்குள் இடி இடித்தது. உலகம்மை அக்காவைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆவுடை, பேசினாளா, பேசவில்லையா, இதைக் கணக்கில் சேர்ப்பதா என்று கை வலியோடு யோசித்துக்கொண்டிருந்தபோது வரிசை நகர்ந்துவிட்டது. தலை துவட்டித் திரும்பிய உலகம்மையின் வாய் பழையபடி பூட்டியிருந்தது.

சாரல் ஓய்ந்து வெயில் அடிக்க ஆரம்பித்த ஒரு முற்பகலில், ஜன்னலுக்கு முன்னால் உலகம்மை போய் நின்றாள். சைக்கிள் ஸ்டாண்டின் ஜன்னலில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, உள்ளே இருட்டு.

"வணக்கம். எத்தனை டிக்கெட்?"

உலகம்மை தயங்கினாள். "அதை அப்புறம் சொல்லுதேன். முதல்ல மத்ததெல்லாம் கேளுங்க."

"வசதிக் கட்டணம் தனி."

பின்னாலிருந்து யாரோ, என்ன வசதி என்று கேட்டார்கள்.

"உங்கள் செல்போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம். அதைச் சொல்லுங்கள்."

உலகம்மை செல்போனைப் பார்த்தாள். குலுக்கினாள். பையைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்குப் பின்னால், ஆவுடையின் கையில் இருந்த போன் 'டிங்' என்றது.

டிக்கெட் ஆப்பில் உலகம்மைக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததே ஆவுடைதான். தங்கைக்குக் கல்யாணமான புதிதில், புது சிம் இன்னும் வராததால் தன் நம்பரையே போட்டுக் கொடுத்திருந்தாள். அதை ரெண்டு பேரும் மறந்திருந்தார்கள். கோயம்புத்தூருக்குக்கூட உலகம்மை வேறு யாரையோ விட்டுத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள்.

"நேரம் போய்க்கொண்டிருக்கிறது" என்றது ஜன்னல்.

உலகம்மை மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா."

"என்னட்டி."

"ஓடிபி உனக்கு வந்திருக்கு."

"வந்திருக்கு."

"சொல்லேன்."

ஆவுடை போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தது எக்கச்சக்கம். அதில் ஒன்றுதான் வாயில் வந்தது. "அன்னைக்கு ஏன் எங்கிட்ட சொல்லாமப் போன?"

"ஒண்ணுதான் கிடைச்சுது. சொல்லிருந்தா நீ, பரவால்லட்டி நீயே போன்னு சொல்லிருப்ப. சொல்லிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டிருப்ப. உன் மூஞ்சிய நினைச்சிக்கிட்டு நான் எப்படி ஆட?"

அப்படித்தான் சொல்லியிருப்பாள், அப்படித்தான் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருப்பாள் என்பது ஆவுடைக்குத் தெரிந்தது.

"நானும் அந்த வீடியோவக் குரூப்ல போட்டிருக்க வேண்டாம்" என்றாள்.

"வேண்டாம்தான். எங்க மாமியார் இன்னும் என்னைச் சடங்கு வீடுன்னுதான் கூப்பிடுதாங்க."

"நேரம் முடியப் போகிறது" என்றது ஜன்னல்.

ஆவுடை எண்ணைப் படித்தாள். யாரிடமும் பகிராதீர்கள் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. ஆனால் உலகம்மை ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிடுவாளோ என்ற பதற்றத்தில் பின்னால் நின்றவர் அதைத் திருப்பிச் சொல்ல, அவருக்குப் பின்னால் நின்றவர் சொல்ல, ஏழு, நாலு, நாலு, ஒண்ணு என்று செங்கோட்டைச் சந்தை சொன்னது, குற்றாலத்தில் தண்ணீருக்கு அடியில் நின்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள், மலைமேல் ஏறி இறங்கி அது புனலூரில் முனிரத்தினத்திடம் போய்ச் சேர்ந்தபோது மலையாளத்தில் இருந்தது.

"நன்றி. எத்தனை டிக்கெட்?"

"ரெண்டு" என்றாள் உலகம்மை.

ஓட்டை வழியாக ரெண்டு சீட்டு வந்தது. கூடவே ஒரு கையும் வந்து, 'விற்றுத் தீர்ந்தன' என்ற பலகையை ஜன்னலில் மாட்டிவிட்டுப் போனது.

"அப்ப நான்?" என்றாள் லேப்டாப் உலகம்மை.

ஒரு கணக்குக்கு ஒரு ஆள்தான் என்று ஜன்னல் சொன்னது. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஸ்வெட்டருக்குள் தலையை நுழைப்பதுபோலக் குனிந்து, முன்னால் நின்றவளுக்குள் நுழைந்துகொண்டாள். உலகம்மை ஒரு தும்மல் போட்டாள். கொஞ்ச நாளைக்கு அவளிடம் எது கேட்டாலும் பதில் பிந்தித்தான் வந்தது.

வரிசை அன்றைக்கே கலைந்தது. வந்தவர்கள் வந்ததுபோலவே அவரவர் குளியலறைக்கும் பஸ்ஸுக்கும் போய்ச் சேர்ந்தார்கள், போகும்போது அமுதரூபனையும் அந்த ஆப்பையும் வாயாரத் திட்டினார்கள். நிலக்கோட்டை மாப்பிள்ளை மட்டும் புனலூர் பஸ் ஏறினார். கீழப்புலியூர்க்காரர்கள் பின்கதவைச் சாத்தினார்கள். சாத்தின கொஞ்ச நேரத்தில் வீடு ஓவென்று இருப்பதாகத் தோன்றிச் சிலர் மறுபடி திறந்துவைத்தார்கள். ஆளில்லாமல் காற்றுதான் வந்தது.

ஆவணியில் ஒரு சாயங்காலம் அக்காவும் தங்கையும் மதுரைக்குப் போனார்கள். ரெண்டு பேரும் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான் கிடைத்திருந்தது. முன்னால் ஒரு தூண் இருந்தது, அதுவும் பாதிதான் மறைத்தது. அமுதரூபன் பொன் ஜரிகைச் சட்டையில் மேடையில் எழுந்தருளினார், விளக்குகள் சுழன்றன, ஐம்பதாயிரம் பேர் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது விடிந்துவிட்டிருந்தது. கோமதிநாயகம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. முகம் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"எப்படிப் பாடினாரு?" என்று கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். கச்சேரியில் உட்கார்ந்த உடனேயே உலகம்மை, மாமியார் சடங்கு வீடு என்று முதன்முதலில் கூப்பிட்ட கதையைத் தொடங்கியிருந்தாள். அதில் ஒரு இடத்தில் ஆவுடை குறுக்கிட்டுத் தன் மூட்டுவலியைச் சொல்ல, அதிலிருந்து பிள்ளைகள் படிப்பு, அதிலிருந்து அம்மாவின் வளையல் யாரிடம் இருக்கிறது, அதிலிருந்து ஒரு சின்னச் சண்டை, அழுகை, மூக்குச் சிந்தல், யார் எப்போது செத்தது, யாருக்கு யாரோடு சம்பந்தம் ஆனது என்று ரெண்டு வருஷத்துப் பாக்கி. பாட்டுச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. பின்வரிசைக்காரர்கள் பலமுறை பேச்சை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது துப்புரவுக்காரர்கள் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் பாடிருப்பாரு" என்றாள் ஆவுடை. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, தங்கைக்கும் இடம் ஒதுக்கி, "நீ சொல்லுட்டி, அந்த வளையலுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.